தபால் வராத ஒன்பது நாட்கள்

பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் அது. சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உறைக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரித்ததும் புங்க எண்ணெய் வாடை வந்தது. யார் எழுதியது என்று படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எண்பதுகளின் பின்பாதியில் கள்ளக்குறிச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வரும் தபால்களைப் பதிவு செய்யும் எழுத்தராக இருந்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் தபால் இல்லை. பத்தாம் நாள் வந்த பையில் சோப்புக்கார அம்மாவின் அந்தக் கடிதம் இருந்தது. வீட்டில் இருக்கும் சோப்பையும் எண்ணெயையும் தங்கை வீட்டுக்கு மாற்றுவதாகவும், பாலிசியில் அந்த விலாசத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதற்குள் தங்கை வீடு எரிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது; எரிந்ததை ஆள் மூலம் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ரிஷிவந்தியம் போகும் சாலையை ஒட்டி ஓட்டு வீடு. கல்வராயன் மலையிலிருந்து வரும் புங்கங்கொட்டையை வாங்கி, ஆட்டி, காஸ்டிக் சோடா சேர்த்து, பழுப்பு நிறத்தில் துணி சோப்பு செய்வார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளிகளின் வீடுகளுக்கும் மலைக்கடைகளுக்கும் அது போகும். வார்த்த சோப்பை வெட்டிப் பலகையில் அடுக்கி ஏறக்குறைய ஒரு மாதம் காயவிட வேண்டும். “காயாத சோப்பு பச்சப் புள்ள மாரி சார், வெரலு பட்டாலே அழுந்திடும்” என்பார். அந்தத் தொழிலை வைத்துத்தான் அவர் கரும்பு வெட்டும் வேலையை விட்டிருந்தார். வங்கி கடன் கொடுத்தபோது காப்பீடு எடுக்கச் சொன்னது.

ஆள் குறைவான அலுவலகம் என்பதால் இடத்தைப் பார்வையிடவும் நானே போனேன். பலகை எத்தனை, ஜன்னல் எத்தனை, அடுப்புக்கும் எண்ணெய் டின்னுக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொண்டேன். “எல்லாத்தையும் எண்ணிட்டீங்க, எங்க வூட்டுக்காரரு தலமுடிய மட்டும் வுட்டுட்டீங்க. அதுக்கு ஒண்ணும் ஜாஸ்தி நேரம் ஆவாது” என்றார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு கணவரும் சிரித்தார். கலவரத்தில் ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும்படி நான்தான் சொன்னேன். அந்த அம்மா தயங்காமல் ஒப்புக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: “சரக்க வேற எடத்துக்கு எடுத்துகினு போனா இன்னா சார் பண்றது?”

“பாலிசியில இருக்கிற இடத்துக்குத்தாம்மா காப்பு. மாத்துறதுக்கு முன்னால எழுதிக் குடுத்துடுங்க.”

“முன்னால எழுதிக் குடுத்துடணும்” என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறியல் தொடங்கியதும் சாலையோரத்து வீடுகளில் கல் விழும், தீ வைப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டாம் நாள் அவர் கடிதத்தை எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார். அதன் பிறகுதான் பலகைகளைத் தலையில் சுமந்து, வயல்கள் தாண்டி உள்ளே இருந்த தங்கையின் கூரை வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கழித்து அந்தத் தெருவே எரிந்தது. தீ வைத்தது யார் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவருடைய சாலையோரத்து வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

மேலாளர் கடிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையில் தபால் முத்திரையின் வட்டம் மட்டும் விழுந்திருந்தது, தேதி விழவில்லை. “அந்தம்மா ரெண்டாம் நாளே எழுதியிருக்கு. நமக்கு எப்ப வந்துச்சுன்னு உன் பதிவேடுதான்யா சொல்லணும்” என்றார். வீடு எரிவதற்கு முந்தைய தேதியில் ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பதிவேட்டை எடுத்து வைத்தேன். தபால் வராத ஒன்பது நாளுக்கும் தேதி போட்டு, ‘தபால் இல்லை’ என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தேன். ஒரு வரி நுழைக்க இடமில்லை. அப்படி எழுதும்படி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

“தபால் வராததுக்கு எவனாவது பதிவு போடுவானா?”

“நாள் விட்டுப்போயிடக் கூடாதுன்னு, சார்.”

அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “சரி, இன்னைக்குத் தேதியே போடு” என்றார். போட்டேன். கோடுகள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். கோடுகள் இருந்ததில் அன்று எனக்கு நிம்மதிதான். முடிவு எடுக்கும் வேலை மிச்சமானது.

நிராகரிப்புக் கடிதத்தையும் நானே தட்டச்சு செய்தேன். அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. “எழுதிப் போட்டுட்டுத்தான சார் மாத்துனேன்?” என்றார். கடிதம் முன்கூட்டியே இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றேன். “வந்து சேரணும்னு நீங்க சொல்லலியே சார்.” அன்று மாலை என் நாட்குறிப்பைப் புரட்டினேன். பார்வையிட்ட நாளில், ‘முன்கூட்டி எழுதிக் கொடுக்கச் சொன்னேன்’ என்று மட்டும்தான் இருந்தது. அவர் சொன்னது சரி.

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில், கரும்பு வெட்டப் போகும் ஆட்களோடு சோப்புக்கார அம்மா லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தேன். கையில் வெட்டுக்கத்தி. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். உடன் இருந்த கணவர் “இந்த சாருதான்” என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டிவிட்டு, “வூட்ல சிவனேன்னு கெடந்தத தூக்கிகினு போயி நெருப்புக்குக் குடுத்த மகராசி சார் இவ. சும்மா இருந்திருந்தா இன்னைக்கு மொதலாளியம்மா” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். பல முறை கேட்டுச் சிரித்த சிரிப்பு.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “சார், நான் மாத்துறதுக்கு முன்னாலயே எழுதிப் போட்டன்ல? நீங்களே இவருக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்றாரு.”

“எழுதியிருந்தாங்க” என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா கடிதம் பத்தாம் நாள்தான் வந்தது” என்றேன்.

“பாத்தியா” என்றார் கணவர்.

லாரி வந்தது. மற்றவர்கள் ஏறும் வரை அந்த அம்மா என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கத்தியை மேலே இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.