மலை மேல் நின்றுபோன எண்

என் மகளின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்கு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது போன்றதல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. மேல் கையின் பின்புறம் நாணயம் அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது அவளுடைய போனுக்குச் சொல்லும். அவளுடைய போன் இணையம் வழியாக எனக்குச் சொல்லும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அது காட்டும். எழுபதுக்குக் கீழே போனால் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். அதற்கும் கீழே போனால், தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் போகலாம்.

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். வகுப்பிலும் போன் மேசை மேல்தான் இருக்கும். "நான் என்ன சென்செக்ஸாம்மா? ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டே இருக்கே" என்பாள் மகள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே பார்ப்பேன்.

என் கணவருக்கு ஒரு மொபைல் கம்பெனியில் வேலை. எந்த டவர் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்று எங்கள் நகரத்து ஹெப்பாள் அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர். அலைக்கற்றை ஏலம் நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே வேறாகிவிடும். நாட்டை ஏறக்குறைய மாநிலவாரியாகச் சர்க்கிள் சர்க்கிளாகப் பிரித்து, ஒவ்வொரு சர்க்கிளிலும் காற்றைப் பட்டை பட்டையாக விற்கிறார்கள் என்று எனக்கு அவர்தான் விளங்கவைத்தார். கீழ்ப் பட்டை அலைகள் மரத்தையும் சுவரையும் தாண்டி வெகுதூரம் போகும். மேல்பட்டை வேகமானது, ஆனால் தெருமுனையிலேயே களைத்துவிடும். கீழ்ப் பட்டைக்கு அரசு வைத்த அடிப்படை விலை மிக அதிகம் என்று ஏலத்துக்கு ஏலம் அது விற்காமலே கிடந்தது. பிறகு போட்டிக் கம்பெனி ஒன்று எடுத்தது. இவருடைய கம்பெனி எடுக்கவில்லை. "காட்டுல யாரு வீடியோ பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். அன்று அது எனக்கு ஒரு வியாபாரக் கணக்காக மட்டும்தான் கேட்டது. மாணவர்களுக்குக்கூட உதாரணமாகச் சொன்னேன்.

மகள் பத்தாவது முடித்து பி.யு.சி. முதல் வருடம் சேர்ந்த பிறகு, அவள் கல்லூரியில் ஒருநாள் சுற்றுலா அழைத்துப் போனார்கள். குண்டலுபேட்டை தாண்டி, கோபாலசுவாமி பெட்டா என்ற மலைக்கோயிலுக்கு. அவளுடைய நோயைப் பற்றித் தெரிந்த வகுப்பு ஆசிரியை அன்று விடுப்பு. கூடப் போனது புதிய விரிவுரையாளர் ஒருவர். அவரிடம் போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

நஞ்சன்கூடு வரை எண் நன்றாக இருந்தது. குண்டலுபேட்டையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். கோடு ஏறி, திரும்பி இறங்கியது. தொண்ணூற்றாறு, அம்பு சரிவாகக் கீழே பார்த்தது. அதற்குப் பிறகு எண் வரவில்லை. கோடு பாதியில் நின்றது.

அவளைக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது. கணவரைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை. அந்த மலையே மூன்று மாநில எல்லைக்குப் பக்கம், ஒரு சர்க்கிளின் அலை அடுத்த சர்க்கிளுக்குள் கொட்டிவிடக் கூடாதென்று டவரின் பலத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், சுற்றிலும் புலிக்காடு, புது டவர் வைக்க அனுமதி கிடைக்காது, போதாக்குறைக்கு நம்மிடம் கீழ்ப் பட்டையும் இல்லை என்று வரிசையாகச் சொன்னார்.

"நமக்குத்தான் வராது. அவ கையில இருக்கற போன்ல அலாரம் அடிக்கும். சென்சார்லேருந்து போனுக்கு நெட்டே வேண்டாம். பயப்படாத."

எனக்கு நிம்மதி வந்தது. இதை எழுதும்போது அந்த நிம்மதிதான் என்னை அதிகம் நடுங்கவைக்கிறது. விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மலை உச்சியிலிருந்து விரிவுரையாளர் அனுப்பியது. பனிமூட்டத்தில் கோயில் படிகள், கூட்டமாகப் பிள்ளைகள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் ஓரத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் தெளிவாக இல்லை.

படம் வருகிறதே, அப்படியானால் அங்கே சிக்னல் இருக்கிறதே என்று மறுபடி கணவரிடம் கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்த விரிவுரையாளரிடம் போட்டிக் கம்பெனி சிம் இருக்கும். அவர்கள்தான் கீழ்ப் பட்டை வாங்கியவர்கள், அவர்களுடைய அலை மலை ஏறும் என்றார். குழுவில், 'என் மகள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள்' என்று தட்டச்சு செய்தேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டு, மற்ற பெற்றோரைப் போல நானும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

பிற்பகலில் எண் திரும்பி வந்தது. அந்தச் சென்சார் தன்னிடம் சில மணி நேரத்துக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்குமாம். போன் பக்கத்தில் வந்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடுமாம். எனக்கு அது அன்றுவரை தெரியாது. வெறுமையாக இருந்த இடத்தில் கோடு தானாக நிரம்பியது. எழுபதைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஐம்பதையும் தாண்டியது. அங்கேயே படுத்துக் கிடந்தது. பிறகு செங்குத்தாக ஏறியது. எல்லாமே ஏற்கெனவே நடந்து முடிந்தது. நான் விடைத்தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

கூப்பிட்டதும் எடுத்தாள். "இறங்கிச்சு, சாப்ட்டேன், ஏறிடுச்சு. அஷ்டேம்மா" என்றாள். அவ்வளவுதான் என்று கன்னடத்தில் முடித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் துண்டு துண்டாக வெளியே வந்தது. தனி வண்டிகளை மலையடிவாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள்; மேலே அரசு பஸ்ஸில்தான் போக வேண்டும். பிள்ளைகள் படம் எடுத்தே நேரத்தைக் கழித்துவிடுவார்கள் என்று விரிவுரையாளர் போன்களைப் பையில் வாங்கிக் கல்லூரி பஸ்ஸிலேயே வைத்துவிட்டார். குளுக்கோஸ் மாத்திரை இருந்த இவளுடைய பையும் பஸ்ஸிலேயே இருந்துவிட்டது. மேலே அடித்த குளிர்காற்றில் இவளுக்கு வேர்த்துக் கொட்டியதை, நோயைப் பற்றித் தெரிந்த தோழி ஒருத்தி கவனித்திருக்கிறாள். ஏதோ கேட்டதற்கு இவள் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அர்ச்சனைத் தட்டிலிருந்த கற்கண்டுப் பொட்டலத்தைக் கிழித்து இவள் வாயில் கொட்டிவிட்டாள். சாமிக்கு முன்னால் இவள் சாப்பிட்டுவிட்டாள் என்று வகுப்பே கேலி செய்ததாம்.

கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கிள் பற்றி, பட்டை பற்றி அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. அந்த மலையில் அவருடைய கம்பெனி அலை உண்மையிலேயே ஏறாமல் இருந்திருக்கலாம். ஆனால் எண் நின்றதற்குக் காரணம் அதுவல்ல.

"உடம்பு சரியில்லன்னு சொல்லியிருந்தா உன் போனை மட்டும் விட்டிருப்பாங்களே" என்றேன்.

"யாரும் பிடுங்கலம்மா. எனக்குக் கேக்கத் தோணல." சாப்பாட்டுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "இல்ல, தோணிச்சு. நானே ஆஃப் பண்ணிக் குடுத்தேன்."

"ஏன்?"

"ஒரு நாளாவது உனக்குத் தெரியாம இருக்கலாம்னு."

கணவர்தான் பேசினார். மறுநாளே அவள் போனில் போட்டிக் கம்பெனியின் சிம்மையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார். அடுத்தடுத்த ஏலங்களில் இன்னும் புதிய பட்டைகள் வரும், டவரே இல்லாமல் செயற்கைக்கோளிலிருந்து நேராகப் போனுக்கு வரும் காலமும் பக்கத்தில்தான், அப்புறம் காட்டுக்குள்ளேகூட எண் நிற்காது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப அதுக்குள்ள எல்லா மலையும் பாத்துடணும்" என்றாள். சிரிக்கவில்லை.

இரண்டாவது சிம் போட்டாயிற்று. இனிமேல் போனையும் மாத்திரையையும் கையைவிட்டு விலக்கமாட்டேன் என்று அவளும் சொல்லியிருக்கிறாள். போன வாரம் ஒரு பிற்பகல், நான் வகுப்பில் இருக்கும்போது எண் நின்றது. அவள் கல்லூரி நகரத்தின் நடுவில் இருக்கிறது. வாசலில் நின்றாலே மூன்று டவர்கள் கண்ணுக்குத் தெரியும். கணவரைக் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மறந்து, கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்றேன். அந்த வகுப்பு முடிவதற்குள் எண் வந்துவிட்டது. இடையில் நிரம்பிய கோட்டில் கெட்டது ஒன்றுமில்லை. சாயங்காலம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நேற்று மறுபடியும் நின்றது. இந்த முறை திரும்பி வர இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.