கேரட்டுக்கும் தொண்ணூற்றெட்டு

என் மனைவியின் தம்பிக்கு என்ஜின் இல்லாத விமானம் ஓட்டுவதில் பைத்தியம். கிளைடர் என்பார்கள். இரண்டாயிரங்களின் நடுவில், வெளிநாட்டு மலைகளுக்கு மேலே பறக்கப் போவதற்கு முன் கல்பாக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறதா என்று விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பார்த்துத்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். அது பொய் சொன்னால் ஆள் திரும்பி வரமாட்டான்.

சென்னையில் வாங்கிய இரண்டு மீட்டர்களை நீட்டி, "மாமா, நீங்கதான இன்ஸ்ட்ருமென்ட் ஆளு. எது தேறும், சொல்லுங்க" என்றான்.

அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான்; முள் ஆடினாலே எனக்குக் கோபம் வரும். ஒரு மீட்டர் யார் விரலில் மாட்டினாலும் தொண்ணூற்றெட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்னொன்று ஒன்றிரண்டு எண் ஏறி இறங்கி அலைந்தது. "ஆடாம நிக்குது பாரு, இதான்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

கேரட் சீவிக்கொண்டிருந்த மனைவி அந்த ஆடாத மீட்டரை வாங்கி ஒரு கேரட்டில் மாட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அது தொண்ணூற்றெட்டு என்றது. "கேரட்டுக்கு ஒடம்பு நல்லா கீது" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மற்றது கேரட்டில் வெறும் கோடு காட்டியது. அதைத் தம்பி விரலில் மாட்டி, "மூச்சப் புடிடா" என்றாள். கன்னம் உப்பப் பிடித்தான். எண் அசையவில்லை. இதுவும் டுபாக்கூர்தான் என்று நினைத்தேன். அவன் தாங்கமுடியாமல் மூச்சை விட்டுச் சிரித்தான். அதற்கப்புறம்தான் எண் இறங்கியது. தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு, எண்பத்தாறு. நுரையீரலில் நடந்தது விரல் நுனிக்கு வந்து சேர அவ்வளவு நேரம். ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம், ரத்தத்தின் நிறத்தை வைத்தே அதைப் படித்துவிடுகிறது. எத்தனையோ கருவிகளோடு காலம் தள்ளியவன் நான், குனிந்து அந்த வெளிச்சத்தையே பார்த்தேன்.

"இப்ப எப்டிடா கீது?"

"சூப்பரா கீதுக்கா."

எண் எண்பத்து நான்கு. அவள் அதையும் அவன் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பயம் வந்தது அப்போதுதான். ஆக்ஸிஜன் இவ்வளவு இறங்கியும் அவன் உடம்பு அவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. எண் மறுபடி ஏறும்வரை அவன் கையை அவள் விடவில்லை.

"மேல போயி சூப்பரா கீதுன்னு தோணிச்சின்னா, ஒடனே இத்த பாரு" என்றாள்.

அந்த வெளிநாட்டு மலைகளுக்கு மேலே முதல்முறை பறந்து இறங்கியதும் போன் செய்தான். மேலே ஒரே சந்தோஷமாம், பாட்டுக்கூடப் பாடினானாம். அக்கா சொன்னது ஞாபகம் வந்து விரலைப் பார்த்தானாம், சிலிண்டரைத் திறந்தானாம்.

எவ்வளவு காட்டியது என்று கேட்டாள். அதை மட்டும் அவன் சொல்லவில்லை.