ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாக் கரை

சகோதரங்களே, ஆண்டவர் எங்களைக் காப்பாற்றியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒருவன் எங்களைக் கைவிட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதை மறைத்தால் இது பாதிச் சாட்சி.

ரெஜியும் நானும் சின்ன வயதில் ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை வாங்கியவர்கள். எங்கள் ஊரான அரிப்பில் ஒரே கரைவலையில் தொழில். வலை இழுக்கும் ரக்டர் அவனுடையது. என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது.

இந்த வருடம் மாசி மாதம் கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். மறிச்சுக்கட்டிக்கு அப்பால் எங்கள் வாடி, தொழிலுக்குத் தங்கும் குடிசை, இருக்கும் கரையைப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. உலகத்தில் அப்படி ஒரு கரை இல்லை என்று போனில் புழுகியது நான்தான். அங்கே போக ரோட்டுக் கிடையாது. முள்ளுப்பற்றை, அதைத் தாண்டினால் உப்புப் பூத்த தரவை வெளி, பிறகு மணல்மேடு, பிறகு கடல். நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை.

மூன்று கிழமையாக ரெஜியோடு இருந்து திட்டம் போட்டேன். மணலில் ஜீப் பாரமில்லாமல் ஓட வேண்டும். அதனால் தண்ணீர்க் கான், புட்டு, இறால் பொரியல், ஐஸ் பெட்டி எல்லாம் ரக்டர் பெட்டியில். ரயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு நான் முன்னால் போவது, அவன் பின்னால் வருவது. நான் புதைந்தால் அவன் இழுப்பான். சனிக்கிழமை பின்னேரமே சாமான் முழுவதையும் அவன் வீட்டில் ஏற்றிவிட்டோம். அத்தானுக்குச் சீனி வருத்தம். சீனி இறங்கினால் வாயில் போட அவர் வைத்திருக்கும் டொபிப் பையைக்கூட, உருகிவிடும் என்று அக்கா ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டா.

அது தவக்காலத்தின் முதல் ஞாயிறு. தவக்காலத்தில் என்ன உல்லாசம் என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. அக்காவுக்கு லீவு அப்போதுதான். காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ரெஜி என் தோளில் தட்டினான்.

"நீ முன்னுக்குப் போ மச்சான். டீசல் அடிச்சுப்போட்டு நான் பின்னால வாறன்."

போனோம். தரவைக்குக் கிட்ட வந்ததும் அத்தான் இன்சுலின் ஊசியை எடுத்தார்.

"தம்பி, இப்ப போட்டா அரை மணித்தியாலத்தில சாப்பிடவேணும். சாப்பாடு வந்திடுமோ?"

"போடுங்கோ அத்தான். ரெஜி பின்னால வாறான்."

இதைச் சொன்னது என் வாய்தான்.

தரவையில் பழைய ரக்டர்த் தடம் கிடந்தது. ரக்டர் போன இடத்தால் ஜீப் போகாதா என்று அந்தத் தடத்திலேயே விட்டேன். மேலே காய்ந்த உப்பு, கீழே சேறு. நடுத் தரவையில் நாலு சில்லும் இறங்கிவிட்டன. நான் பயப்படவில்லை. ரெஜி வருவான்தானே.

அரை மணித்தியாலம் போனது. பிறகு ஒரு மணித்தியாலம். போனில் ஒரு கோடும் இல்லை. அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. அக்கா கைப்பை முழுக்கக் கொட்டித் தேடினா. ஒரு கல்கண்டுத் துண்டுகூட இல்லை.

எங்கள் வாடிக்கு ஓடினேன். அங்கே ஆட்கள் இருப்பார்கள், சீனி இருக்கும், தேத்தண்ணி இருக்கும் என்று ஓடினேன். கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பானை கவிழ்ந்து கிடந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஞாயிறு. எங்கள் ஆட்கள் ஒருவரும் ஞாயிறு தொழிலுக்கு வருவதில்லை. பூசை கண்டுவிட்டு வந்த எனக்கே அது மறந்து போனது!

மணலில் முழங்காலில் விழுந்தேன். நல்ல செபம் ஒன்றும் வரவில்லை. "அந்தோனியாரே, போன வருடமும் நீர் என்னைக் கைவிட்டீர். இன்றைக்கும் கைவிட்டால் உம்மட கோயில் படி மிதிக்கமாட்டன். ரெஜியை அனுப்பும்" என்று கத்தினேன். அழுதேன். ரெஜி ஏமாற்றிய கோபத்தில் அந்தோனியாரையும் சேர்த்துத் திட்டினேன்.

போன வருட விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரைக்குத் தெற்கே முஸ்லிம் ஆட்களின் வாடி இருக்கிறது. அவர்கள் வெள்ளிக்கிழமை ஓய்வு எடுத்து, ஞாயிறு வலை இழுப்பார்கள். ஞாயிறு அந்தக் கரையில் ஒருவரும் இறங்கக்கூடாது என்று ரெஜி கடற்றொழில் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் எழுதினான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். அது வெல்ல வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன். கந்தோரில் அதைத் தட்டிக்கழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அவருக்குத் திரி கொளுத்தவில்லை.

எழும்பி ஜீப்பை நோக்கி நடக்கும்போது ரக்டர்ச் சத்தம் கேட்டது. ரெஜிக்கு ஏசுவதற்கு வாய் நிறைய வார்த்தை சேர்த்துக்கொண்டு திரும்பினேன். சத்தம் தெற்கிலிருந்து வந்தது.

றகீம் நானா. அந்த வாடியின் சொந்தக்காரர். என் கத்தல் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அத்தானைப் பார்த்ததும் ஒன்றும் விசாரிக்காமல் சீற்றுக்குக் கீழிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்தார். பேரீச்சம்பழம். கொட்டையை எடுத்து, பிசைந்து, அத்தானின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். தண்ணீர்ப் போத்தலை அக்காவிடம் நீட்டினார். அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நானா, நீங்களும் குடியுங்கோ" என்றா அக்கா.

"நோன்பு தங்கச்சி. அது பின்னேரம் நோன்பு திறக்கக் கொண்டு வந்தது. நீங்க குடிங்க."

கால் மணித்தியாலத்தில் அத்தான் கண் திறந்து என் பெயரைச் சொன்னார். நான் குழந்தைப்பிள்ளை போல அழுதேன்.

ஜீப்பில் கயிறு கொளுவும்போது றகீம் நானா என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையெழுத்து வாங்கித் திரிந்தவன் என்று அடையாளம் கண்டுவிட்டார். பெட்டிசத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"இண்டைக்கு ஞாயிறுதானே தம்பி" என்றார். முடிச்சை இறுக்கினார்.

பின்னேரம் அரிப்புக்கு வந்தபோது ரெஜி கோயில் படியில் இருந்தான். காலையில் ஒரு பெரிய இடத்துக்குக் கிறவல் மண் ஏற்ற நல்ல கூலிக்கு ஹயர் வந்ததாம். எங்கள் சாமானை விறாந்தையில் இறக்கிவிட்டு ரக்டரை அதற்கு அனுப்பியிருக்கிறான்.

"என்ன மச்சான், கடல் எப்பிடி?" என்று சிரித்தான்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். புதுநன்மைக்குப் பக்கத்தில் நின்றவன் செய்த துரோகம் இன்னும் நெஞ்சுக்குள் முள்ளாகத்தான் இருக்கிறது. எனக்காகச் செபியுங்கள்.

போன கிழமை அவன் அதே பெட்டிசத்தைத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தான். முதல் கையெழுத்துக்கு என்னுடைய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். பேனையை வாங்காமல் கோயிலுக்குப் போனேன்.

சகோதரங்களே, நீங்கள் கேட்டு ஆண்டவர் தராமல் விட்டது ஏதும் இருந்தால் அவரோடு கோபித்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். நம்பி இருங்கள். போன வருடம் என் மன்றாட்டைக் கேட்டிருந்தால், அந்த ஞாயிறு அந்தக் கரையில் எங்கள் சத்தம் கேட்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவர் கேளாமல் விட்ட அந்த மன்றாட்டுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.