அண்ணியின் வளையலில் ஒரு வெள்ளைத் திட்டு

அவருக்குப் பெயர் ‘நாளைக்கு’. பெற்றவர்கள் வைத்ததல்ல, நகை பழுது பார்க்க அவர் கடைக்கு வருகிறவர்கள் வைத்தது. மோதிரமோ கொக்கியோ, எதைக் கொடுத்தாலும் “நாளைக்கு வாங்க” என்பார். அவர் சொன்ன நாளைக்குகளை அடுக்கினால் நிலாவுக்கே ஏணி போடலாம்.

அப்பேர்ப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். அதுவும் அண்ணியின் வளையலில்.

நெஃப்ரைட் ஜேட் என்ற பச்சைக்கல்லில் செய்த வளையல் அது. இரண்டு பச்சை அரைவட்டங்கள், நடுவே தங்கக் கீல். உள்ளே நார் நாராகப் பின்னிக்கொண்ட கல். கீழே போட்டால் தரைக்குத்தான் காயம். ஆனால் நெருப்பு ஆகாது. கீல் விட்டுப்போனால் கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். கீல் விட்டுப்போன அன்றைக்கு அண்ணி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, கடை வாசலிலேயே நின்றார். இவர் கல்லைக் கழற்றாமல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சுடரைக் காட்டினார். நகத்தளவு இடம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

பச்சைச் சாயம் கலந்த மெழுகைத் தேய்த்து மறைத்தார். “பாத்திரம் கழுவும்போது கழட்டி வச்சிடுங்க அண்ணி, வெந்நீர் ஆகாது.” சொன்னது நல்ல புத்திதான், சொன்ன காரணம் திருட்டுப் புத்தி.

அண்ணி கேட்டால்தானே? ஒரே மாதத்தில் மெழுகு கரைந்து, வெள்ளை பல்லிளித்தது. அணிகிறவர் உடம்பு நன்றாக இருந்தால் ஜேட் மினுக்கும், கெட்டால் வெளுக்கும் என்று அண்ணியின் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். பயந்துபோய்ப் பார்த்த மூன்று டாக்டர்களும் ஒன்றுமில்லை என்றார்கள்.

“டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியும். கல்லுக்குத் தெரியாது” என்றார் அண்ணி.

சாப்பாடு பாதியானது. போகிற காலத்தில் எனக்கெதற்கு என்று தையல் மெஷினை ஓரகத்திக்கு, அதாவது இவர் மனைவிக்கே, கொடுத்துவிட்டார். மனைவி அதை மிதிக்கும்போதெல்லாம் ஊசி இவர் நெஞ்சில் இறங்கியது. இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் எழுவார். பிறகு, வழக்கம்போல, நாளைக்கு.

இன்னும் இரண்டு மாதம் போனது. ஒருநாள் அண்ணியே கடைக்கு வந்து கையை நீட்டினார்.

“தம்பி, கல்லைப் பத்தி உனக்குத் தெரியாததா? இன்னும் எத்தனை நாள்னு பாத்துச் சொல்லிடு. உங்க அண்ணன் காதுக்குப் போக வேண்டாம்.”

லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். முன்பு மணிக்கட்டைக் கவ்விக்கொண்டிருந்த வளையல் இப்போது முழங்கைவரை வழுக்கிப் போனது. வாய் பழக்கதோஷத்தில் “நாளை...” என்று ஆரம்பித்து, நின்றது.

“உங்களுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. நான்தான் சுட்டுட்டேன். மெழுகு தடவி மறைச்சுட்டேன்.”

“அப்ப நான் சாகலையா?”

“இல்ல அண்ணி.”

“ரெண்டு மாசமா அரை வயித்துக்குத் தின்னேனேடா, பாவி! முதல்ல மெஷினைத் தூக்கிட்டு வா!”

அண்ணி வீட்டுக்கு இரண்டு மாடி ஏறி, மெஷினைத் தானே சுமந்துகொண்டுபோய் வைத்தார். வெள்ளைத் திட்டின்மேல் தங்கத் தகடு போட்டுத் தருவதாகக் கெஞ்சினார்.

“மூடி மறைக்கிறதுல நீ சூரன்தான். வேண்டாம்.”

அண்ணி உடம்பு தேறிவிட்டது. ஆனால் இவருக்குக் காபி நீட்டும்போதெல்லாம் வெள்ளைப் பக்கம்தான் மேலே இருக்கும். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டார்.

“அதைக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பிப் போட்டுக்கக் கூடாதா அண்ணி?”

“அதுக்கென்ன தம்பி,” என்றார் அண்ணி. “நாளைக்கு.”