ஆபீசர் வருவதற்கு முந்தின நாள்

பத்து மாதம் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்த அழுக்கை, அதைப் பார்க்க ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் ஒருத்தி தன் கையாலேயே அள்ளிப் போடுவாளா? போட்டாள் ஒருத்தி.

லெட்சுமி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்து நாலில் கப்பலேறி வந்து, செண்பகனூர்ப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவுக்குக் கீழே குடிசை போட்டவர்களில் ஒருத்தி. கேரட் காட்டில் தினக்கூலி. பூங்காவின் நடுவே ஓடுகிற ஓடைதான் கீழே பதினாலு வீட்டுக்கும் குடிதண்ணீர். எண்பத்து மூன்றில் பூங்காவுக்கு மேலே ஒரு லாட்ஜ் வந்தது. அதன் சாக்கடைக் குழாயை ஓடைக்குள் விட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலத்திலேயே லெட்சுமியின் கடைசி மகளுக்கு வயிற்றுப்போக்கு. பிள்ளை நனைந்த துணியாகத் துவண்டு போனாள். பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்கப்புறம்தான் லெட்சுமியும், பக்கத்து வீட்டு மூக்கம்மாவும், டீக்கடை வேலுமணியும் ஓடைக்குக் காவல் நிற்கத் தொடங்கினார்கள். கருவி எதுவும் கிடையாது. வெள்ளை வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து, காலையில் குழாய்க்கு மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டும் கல்லில் கட்டித் தண்ணீரில் போடுவார்கள். சாயங்காலம் எடுத்துக் காயவைத்தால், வேலுமணி தேதி போட்டு நோட்டில் ஒட்டுவான். மேல் துண்டு வெள்ளையாகவே இருக்கும். கீழ்த் துண்டு சாம்பல் நிறம், சில நாள் கன்னங்கரேல்.

"எம் புருசன் வேட்டிய மொத்தமாக் கிழிச்சாச்சு. இனி அந்த மனுசன் கோமணத்தோடதான் டவுனுக்குப் போகணும்" என்று மூக்கம்மா சிரிப்பாள்.

லாட்ஜ் மேனேஜர் சிரிக்கவில்லை. "எங்க தண்ணியில ஒண்ணுமில்ல. உங்க சனம் கரையில கொட்டுற குப்பைதான் அம்புட்டும். மொதல்ல அதக் கூட்டுங்க" என்றார். அது லெட்சுமிக்கு முள்ளாகத் தைத்தது. அவர்கள் வீட்டுக் கந்தலும் கொஞ்சம் கரையில் கிடந்தது உண்மைதான்.

சுகாதார ஆபீசுக்கு நாலு மனு போட்ட பிறகு கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஆபீசர் நேரில் வருகிறார். அசுத்தம் என்று அவர் எழுதிவிட்டால் லாட்ஜ்காரன் குழாயைத் திருப்பியே ஆகவேண்டும்.

புதன்கிழமை வேலுமணி சொந்தச் சோலியாக வத்தலக்குண்டு போயிருந்தான். லெட்சுமி வேலைக்குப் போகவில்லை. இலங்கைத் தோட்டத்தில் மேனேஜர், பெரிய துரை, வருகிறார் என்றால், முதல் நாளே கூலிக்காரர்களின் லயத்து வீடுகளைக் கூட்டி, சாக்கடையை வழித்து, சுண்ணாம்பு தூவ வேண்டும். தூவாத வீட்டுக்கு அரைநாள் கூலி போய்விடும். பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது அது.

"நம்ம குப்பைய மட்டும் எடுத்துருவோம். அந்த மேனேஜர் வாய அடைக்கணும்" என்றாள்.

கந்தலை எடுத்த கை அதோடு நிற்கவில்லை. கறுப்புச் சேற்றையும் வழித்தது. அவளைப் பார்த்துப் பதினாலு வீடும் இறங்கியது. நுரை தேங்கிய குழியைத் திறந்துவிட்டார்கள், கற்களைத் தேய்த்துக் கழுவினார்கள், கரை நெடுகச் சுண்ணாம்பு தூவினார்கள்.

வியாழன் வெள்ளனே லாட்ஜ்காரன் குழாயை அடைத்து வைத்துவிட்டான். ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கி, குனிந்து பார்த்தார்.

"அழுக்கு எங்கம்மா?"

"நேத்தே கூட்டிட்டோமுங்க ஐயா" என்றாள் லெட்சுமி.

கூட வந்து நின்ற லாட்ஜ் மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். வேலுமணி நோட்டை நீட்டினான். ஆபீசர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "துணிய எதுல வேணாலும் முக்கலாமேப்பா" என்றார். 'ஓடை சுத்தமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் வேலுமணி தலையில் அடித்துக்கொண்டான். "எக்கா, என்னக்கா செஞ்சு வச்சிருக்க!"

"ஆபீசர் வர்றாருன்னா கூட்டாம எப்பிடித் தம்பி இருக்கிறது?"

மறுநாளே கறுப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது. அதன்பின் போட்ட ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில்தான்: 'ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்டது.' இரண்டு வருடமாக லெட்சுமி வேலைக்குப் போகுமுன் ஒரு மைல் மேலேறி, ஊற்றிலிருந்து குடம் சுமக்கிறாள். வழியெல்லாம் தன் கையையே திட்டிக்கொண்டு வருகிறாள்.

ஓடையோ குளமோ காக்கிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். தயவுசெய்து இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். ஆபீசர் வருகிற தேதி தெரிவதற்குள் சொல்லிவிடுங்கள்.