சுவரில் மிஞ்சிய ஒரு தாள்

புஷ்பம் அக்கா இறந்த செய்தி எங்கள் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் காலையில் வந்தது. எதையும் படிக்காமலே ஆமோதிக்கும் உறுப்பினர் ஒருவர் அதற்கும் கட்டைவிரலை உயர்த்திவிட்டார். அக்கா இருந்திருந்தால், "சரி, தீர்மானம் நிறைவேறிருச்சு" என்றிருப்பார்.

இராஜபாளையத்தில் ஆலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களுக்காகவும், அகதிகள் முகாமில் வாழும் இலங்கைப் பெண்களுக்காகவும் அவர் ஓர் அமைப்பை நடத்தியது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஐந்தாண்டுத் திட்டம் தீட்டிய கதை தெரிந்திருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினோம். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர், "அஞ்சு வருஷம் கழிச்சு நம்ம அமைப்பு எங்க இருக்கணும்?" என்று கேட்டார்.

"இல்லாம போயிட்டா நல்லது தம்பி," என்றார் அக்கா.

யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்ட ஆலோசகரிடம் பல நிறங்களில் தாள்கள் இருந்தன. இந்தப் பதிலுக்குரிய நிறம் இல்லை.

நாங்கள் தாராளமாக இருந்தோம். தையல், கணினி, யோகா, ஆங்கிலப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி என்று மதியத்துக்குள் சுவர் நிறைந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அக்கா ஒவ்வொரு தாளாக உரித்துக்கொண்டிருந்தார். தையலில் கை வைத்ததும், பேண்டேஜ் துணி ஆலை நடத்தும் உறுப்பினர் எழுந்துவிட்டார். தையல் இயந்திரங்கள் அவர் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் அவருடைய தந்தையார் பெயர் இருந்தது.

"என்னக்கா, எங்க அப்பா பேரையா உரிக்கிறீய?"

"அண்ணாச்சி, ஆறு நாளும் மெஷின் முன்னால நிக்குற பிள்ளைக்கு ஏழாவது நாளும் மெஷினா? செத்த நேரம் வெளிய விடுவோமே."

மிஞ்சிய ஒரே தாளில் 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதியிருந்தது. விடுதிப் பெண்கள் அன்று துணையில்லாமல் வெளியே போய் வர வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகு. இதற்கு ஐந்தாண்டு எதற்கு என்று நினைத்தேன். ஆலை மேலாளரைப் பார்த்த பிறகு, ஐந்தாண்டு போதுமா என்று நினைத்தேன்.

"ஊரு கெட்டுக் கிடக்கு மேடம். பாதுகாப்புக்குத்தான் விடுதியப் பூட்டுதோம்."

"ஊரு கெட்டிருந்தா ஊரைத்தான சார் பூட்டணும்?"

மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்தவர்களை அக்கா விட்டதில்லை. மாதாமாதம் போய் அவர் முன் உட்கார்ந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஒரே ஒரு பெண் இருட்டுவதற்குள் திரும்பாவிட்டாலும், இனி எந்த ஞாயிறும் கதவு திறக்காது.

கூட ஓர் ஆளை அனுப்பலாமே என்றேன்.

"ஆள் கூடப் போனா அதுக்குப் பேரு டூரு," என்றார் அக்கா.

அந்த ஞாயிறு மாலையில் சபிதா என்ற பெண்ணைத் தவிர எல்லோரும் விடுதிக்கு வந்துவிட்டார்கள். வாயிற்காவலர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலாளர் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது, டவுன் பஸ்ஸிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். தலையில் கனகாம்பரம். கையில் ஒன்றும் இல்லை.

"எங்க போன?" என்றார் மேலாளர்.

"சும்மா சார்."

"சும்மான்னா?"

"சும்மா சார். நடந்தேன். உக்காந்தேன்."

அக்கா எழுந்தார். "அம்புட்டுதான் சார் எங்க திட்டம்," என்றார். பிறகு அவளிடம், "சாப்பிட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

மேலாளர் உள்ளே போனார். அடுத்த ஞாயிறும் கதவு திறந்தது. இன்றும் திறக்கிறது.

அன்று அக்கா கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன். என் மகள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அது என் தொண்டை வரை வருகிறது. விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.