கழுவாத டாங்கு

முப்பது வருஷம் ஊரார் தோட்டத்துக்கெல்லாம் விஷம் தெளித்தவர் என்பதால் அவருக்கு 'மருந்துக்காரர்' என்றே பெயர். அவருடைய கொய்யாவிலேயே பழ ஈ விழுந்தது. ஈயின் புழுவைத் தின்னும் நூற்புழு என்று ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு பொட்டலம் கொடுத்தாள். முதுகில் மாட்டித் தெளிக்கும் டாங்கில் கரைத்து மண்ணில் ஊற்றினார். பழம் கொட்டுவது நிற்கவேயில்லை. டாங்கோடு அவளிடமே திரும்பப் போனார்.

"டாங்கைக் கழுவுனீங்களாண்ணே?"

"மருந்து டாங்கை எதுக்கும்மா கழுவணும்?"

அவள் புதுப் பொட்டலத்தில் துளி கரைத்து, பூதக்கண்ணாடியில் காட்டினாள். நூல் நூலாக நெளிந்தன. அவர் டாங்கில் ஒட்டியிருந்த தண்ணீரிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் விறைத்துக் கிடந்தன.

மருந்துக்காரர் மறுபடி குனிந்து பார்த்தார். "ஒரு சொட்டுக்கேவா?"

அந்த டாங்கு ஒழுகி ஒழுகி நனைத்த முதுகை அவர் கை தானாகத் தடவியது.

புதுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம், "குடிதண்ணிக் குடத்தைக் குடு, இதைக் கரைச்சுக் கொய்யாவுக்கு ஊத்தணும்" என்றார்.